ஓர் உம்மைக்குப் படம் வரைவது

ஒரு கொக்கை வரைய எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. பென்சிலைக் கொடுத்து வரையச் சொன்னால் பத்து நிமிடத்தில் பார்த்தவுடன் கொக்கு என்று சொல்லும்படி ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிடுவேன், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் இது ஒரு கவிதைக்கான கொக்கு, அதுவும் மையில். தோழி ஒருத்தி தனக்குப் பிடித்த பழைய பாட்டுகளில் பன்னிரண்டை எடுத்துக் கையடக்கமாக ஒரு புத்தகம் போடுகிறாள், விற்பதற்கு இல்லை, தெரிந்தவர்களுக்குக் கொடுக்க. பாட்டுக்கு ஒரு படம், எல்லாம் கறுப்பு மைக் கோட்டோவியம், வண்ணம் கூடாது, சாம்பல் பூச்சுகூடக் கூடாது என்று கறாராகச் சொல்லி வரையத் தெரிந்த நாலைந்து பேருக்குப் பிரித்துக் கொடுத்தாள். எனக்கு விழுந்தது குறுந்தொகையில் 25ஆம் பாட்டு, கபிலர் பாடியது.

தெரியாதவர்களுக்காக: மொத்தமே ஐந்து அடி. ஒரு பெண் தோழியிடம் சொல்கிறாள். அன்றைக்கு அங்கே யாரும் இல்லை, அவன் மட்டும்தான் இருந்தான், அந்தக் கள்வன். அவன் இப்போது மாற்றிப் பேசினால் நான் என்ன செய்வேன்? அவன் என்னோடு சேர்ந்த அந்த நாளில் ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகும் இருந்தது, தினைத்தாள் மாதிரி சின்னப் பசுங்கால் உள்ள குருகு. அவ்வளவுதான் பாட்டு.

படிக்கிற எவருக்கும் உடனே ஒரு படம் மனசில் வந்துவிடும். எனக்கும் வந்தது. ஆற்றோரம், ஒரு மரம், மரத்தடியில் இரண்டு பேர், கொஞ்சம் தள்ளி நீரில் கொக்கு. முதல் நாளே வரைந்துவிட்டேன். பெண்ணின் கூந்தலில் மட்டும் இரண்டு மணி நேரம் செலவு செய்திருப்பேன், மை வேலையில் கூந்தல் ஒரு போதை, கோட்டின் மேல் கோடாக அடுக்கிக்கொண்டே போகலாம், பார்ப்பவர்களும் அசந்து போவார்கள். மரப்பட்டைக்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு, இலைகளுக்குப் புள்ளி, எல்லாம் கச்சிதம். போட்டோ எடுத்துத் தோழிக்கு அனுப்பினேன்.

அவள் நல்லா இருக்கு என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. "இவங்க ரெண்டு பேரையும் யார் பார்த்துக்கிட்டு இருக்காங்க?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. கொக்கு என்றேன். "கொக்கு தண்ணியைப் பார்க்குது. இவங்களைப் பார்க்கிறது யாரு?" என்றாள். அப்புறம்தான் உறைத்தது. நான் பார்க்கிறேன். புத்தகத்தைத் திறக்கிற ஒவ்வொருவரும் பார்க்கப் போகிறார்கள். யாருமே இல்லை என்று அந்தப் பெண் தவித்துக்கொண்டிருக்கிற இடத்தில், மரத்துக்குப் பின்னால் ஒரு கூட்டத்தையே சாட்சியாகக் கொண்டுபோய் நிறுத்திவைத்திருக்கிறேன். சாட்சி இல்லை என்பதுதான் அவளுக்குப் பிரச்சினையே. அந்தப் பிரச்சினையை என் படம் தீர்த்துவைத்துவிட்டது, பாட்டைக் கொன்று.

இரண்டு மணி நேரக் கூந்தல் போயிற்றே என்று அன்றிரவு முழுக்க மனசு ஆறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கூந்தல் என்றதும் ஒரு பழைய சண்டை நினைவுக்கு வருகிறது. 1857இல் லண்டனில் எட்வர்ட் மாக்ஸன் என்ற பதிப்பாளர் டென்னிசனின் கவிதைகளைப் படங்களோடு வெளியிட்டார். ஷாலட் சீமாட்டியைப் பற்றிய கவிதைக்குப் படம் போட்டவர்களில் ஒருவர் வில்லியம் ஹோல்மன் ஹன்ட். சாபத்துக்குக் கட்டுப்பட்டு, வெளியுலகத்தைக் கண்ணாடியில் மட்டும் பார்த்துத் தறியில் நெய்துகொண்டிருக்கும் பெண்; ஒரு நாள் நேராக ஜன்னல் வழியே பார்த்துவிடுகிறாள், கண்ணாடி விரிசல் விடுகிறது, நெய்த துணி பறக்கிறது. ஹன்ட் அந்தக் கணத்தைத்தான் வரைந்தார். தறி நூல் அவளைச் சுற்றிச் சுற்றி வளைக்கிறது, கூந்தல் சூறாவளியில் சிக்கியது போல் தலைக்கு மேலே கிளம்பிப் படத்தின் மேல்பாதியை அடைத்துக்கொள்கிறது. டென்னிசனுக்குப் பிடிக்கவில்லை. கூந்தல் பறந்தது என்று நான் எங்கே எழுதினேன், நூல் அவளைச் சுற்றிக்கொண்டது என்று எங்கே சொன்னேன் என்று ஹன்ட்டிடமே கேட்டிருக்கிறார். ஹன்ட் தன் நினைவுக் குறிப்புகளில் இதை எழுதி வைத்திருக்கிறார், தன் பதிலையும் சேர்த்து: நீங்கள் பதினைந்து பக்கம் எடுத்துக்கொண்டு சொன்னதை நான் அரைப் பக்கத்தில் சொல்ல வேண்டியிருந்தது. டென்னிசன் மசியவில்லை. படம் போடுகிறவர் கவிதையில் இல்லாத எதையும் சேர்க்கக் கூடாது என்பது அவர் கட்சி.

முன்பு இதைப் படித்தபோது நான் ஹன்ட் பக்கம். வரைகிறவர்கள் எல்லாரும் அவர் பக்கம்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். கூந்தல் பறக்காமல் அந்தச் சாபத்தை எப்படிக் காட்டுவது? கவிதையில் சாபம் ஒரு சொல், படத்தில் அது எதையாவது அசைத்துக் காட்டியாக வேண்டும். ஹன்ட்டும் விடவில்லை, அதே பெண்ணை, அதே பறக்கும் கூந்தலோடு, பிறகு பெரிய எண்ணெய் வண்ண ஓவியமாக எடுத்து 1905 வரை இழுத்தார். டென்னிசன் 1892இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார், ஆட்சேபிக்க ஆள் இல்லை. ஆனால் என் படத்துக்கு அப்புறம் டென்னிசனுக்கும் காது கொடுக்க வேண்டியதாயிற்று. ஹன்ட் சேர்த்தது கவிதைக்குள் ஓடுகிற பயத்தைத்தான். நான் சேர்த்தது கவிதையே "இல்லை" என்று அடித்துச் சொல்கிற ஒன்றை. இரண்டும் சேர்ப்புதான், ஆனால் ஒன்றாகாது.

சரி, இரண்டு பேரையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது குருகு. எந்தக் குருகு?

குருகு என்பது பழந்தமிழில் ஒரே ஒரு பறவைக்கு ஒட்டவைத்த பெயர் இல்லை, நீர்ப்பறவைகள் பலவற்றுக்கும் அந்தச் சொல் போகும். நாம் கொக்கு என்றதும் கை தானாகப் போடுவது வெள்ளைக் கொக்கை: வளைந்த நீளக் கழுத்து, ஒற்றைக் கால், காலண்டர் அழகு. நானும் அதைத்தான் போட்டிருந்தேன். பிறகு பாட்டைத் திரும்பப் படித்தால் "சிறுபசுங் கால" என்று இருக்கிறது. சின்ன வெள்ளைக் கொக்கின் கால் கறுப்பு, விரல்கள் மட்டும் மஞ்சள். அது இந்தப் பாட்டுக்குள் வர முடியாது. பச்சை சாய்ந்த கால் உள்ளது குளத்துக் கொக்கு, மடையான் என்றும் சொல்வார்கள். அரை மீட்டர்கூட இருக்காது, கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு கூன் போட்ட மாதிரி நிற்கும், மேலெல்லாம் மண்ணிறக் கோடுகள். பறந்தால்தான் இறக்கையின் வெள்ளை தெரியும், அதுவரை கல்லோடு கல், சேற்றோடு சேறு. பக்கத்தில் போகிறவரை நகராது. அப்படி அசையாமல் நிற்பதாலோ என்னவோ அதற்கு இன்னொரு பெயரும் இருக்கிறது: குருட்டுக் கொக்கு.

இந்தப் பெயரைப் பறவைப் பட்டியல் ஒன்றில் பார்த்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணுக்கு வாய்த்த ஒரே சாட்சி குருட்டுக் கொக்கு. கபிலர் மனசில் இந்தப் பறவைதான் இருந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், பெயரும் எந்தக் காலத்தில் வந்ததோ, அதை வைத்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினால் அடிக்க வருவார்கள். ஆனால் படம் வரைகிறவருக்கு அவ்வளவு நிரூபணம் தேவையில்லை. கால் பச்சை, உருவம் சின்னது, நிற்கிற விதம் சரி. எனக்குப் போதும்.

எத்தனை குருகு என்று அடுத்த கேள்வி. சிரிக்காதீர்கள், இது நிஜமான கேள்வி. "குருகும் உண்டு" என்றால் ஒன்றா, பலவா? உண்டு என்ற சொல் ஐம்பாலுக்கும் பொது என்று நன்னூல் சொல்கிறது, ஆக அதை வைத்து எண்ணிக்கை பிடிக்க முடியாது. எழுத்துக்கு இந்தச் சௌகரியம் உண்டு, எண்ணாமலே சொல்லிவிடலாம். படத்துக்கு அந்தச் சலுகை கிடையாது, ஒன்று என்றால் ஒன்று, ஐந்து என்றால் ஐந்து. ஜப்பானிய மொழியிலும் இதே சங்கடம்தான். பட்டுப்போன கிளையில் வந்தமர்ந்த காகத்தைப் பற்றி பாஷோ ஒரு ஹைக்கூ எழுதினார், அந்த மொழியில் காகம் ஒன்றா பலவா என்று சொல்லில் தெரியாது. அதற்குப் போட்ட பழைய மைப் படங்களில் ஒற்றைக் காகம் உட்கார்ந்திருப்பதும் இருக்கிறது, காகக் கூட்டமே இருப்பதும் இருக்கிறது, இரண்டிலும் கவிதையை எழுதியது பாஷோவின் கைதான். அவரே இரண்டுக்கும் இடம் கொடுத்திருக்கிறார் என்றால் நான் என்ன அலட்டிக்கொள்வது. ஒன்றே போட்டேன். கூட்டமாக நிற்கிற கொக்குகள் சபை மாதிரி தெரியும், சாட்சி வலுத்துவிடும்.

இங்கே மை பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், பிடிக்காதவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போகலாம்.

மை இரண்டு பெரிய குடும்பம். ஒன்று கரி மை: புகைக்கரியைப் பசையில் குழைத்தது, காகிதத்தின் மேல் கறுப்பாக உட்கார்ந்துகொள்ளும், வெளுக்காது. இன்னொன்று மாசிக்காயின் துவர்ப்பையும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பையும் சேர்த்துச் செய்வது. எழுதும்போது வெளிறி இருந்து காற்றுப்படப்பட கறுக்கும், நூற்றாண்டுகள் ஐரோப்பா முழுக்க எழுதியது அதில்தான், அமிலம் இருப்பதால் நாள்பட எழுதின கோட்டின் வழியே காகிதத்தையே அரித்துத் துளை போட்டுவிடும். நான் வைத்திருப்பது அரக்கு கலந்த கரி மை. காய்ந்தால் தண்ணீர் பட்டாலும் கரையாது. இதே குணத்தால்தான் இதை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றவே கூடாது, உள்ளே காய்ந்து அடைத்துக்கொண்டால் பேனா அவ்வளவுதான். இதை எப்படித் தெரிந்துகொண்டேன் என்று கேட்காதீர்கள், நல்ல பேனா அது.

தொட்டு எழுதும் நிப்தான் இதற்குச் சரி. நடுவில் ஒரு பிளவு, இரண்டு பக்கமும் மெல்லிய எஃகு நாக்கு. அழுத்தினால் நாக்கு விரியும், கோடு தடிக்கும், விட்டால் மெலியும். புது நிப்பில் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு இருக்கும், அதைத் துடைத்து எடுக்காமல் மையில் முக்கினால் மை தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடும். நம் பக்கமாக இழுக்கிற கோடு வழுக்கிக்கொண்டு வரும். எதிர்ப்பக்கம் தள்ளினால் முனை காகித நாரில் சிக்கும், சிக்கி விடுபடும்போது தெறிக்கும். ஆகவே மையில் வரைகிறவர்கள் கையைத் திருப்புவதில்லை, காகிதத்தைத் திருப்புவார்கள். நான் ஒரு கொக்கை முடிப்பதற்குள் காகிதம் முப்பது தடவையாவது சுற்றியிருக்கும்.

இதெல்லாம் எதற்குச் சொன்னேன் என்றால், கால். தினைத்தாள் அன்ன கால். உவமையைக் கேட்கும்போது மெலிசாக இருக்கும் என்றுதான் கபிலர் சொல்கிறார் என்று கடந்து போய்விடுவோம். வரைய உட்கார்ந்தபோதுதான் தாளில் கணு இருக்கிறது என்ற ஞாபகம் வந்தது. தினைத்தாள் நேராக வந்து, ஒரு கணுவில் லேசாகத் தடித்து, திசையை நூலளவு மாற்றிக்கொண்டு மேலே போகும். கொக்கின் கால் அப்படியே. நடுவில் பின்பக்கமாக மடிகிற அந்த முண்டு இருக்கிறதே, முட்டி என்று நினைப்போம், உண்மையில் அது கணுக்கால், முட்டி இறகுக்குள் மறைந்து மேலே இருக்கிறது. கணு, கணுக்கால். மெலிசு, நிறம், முண்டு மூன்றையும் ஒரே செடியில் பிடித்திருக்கிறார் மனிதர். கறுப்பு மையில் பச்சையைக் காட்ட முடியாது, அதில் நான் தோற்றுப்போன கட்சி. மற்ற இரண்டையும் நிப் தரும்: மேலிருந்து ஒரே இழுப்பு, மூச்சை விடாமல், பாதி வழியில் ஒரு நொடி அழுத்தம், மறுபடி விடுதல். பென்சில் ரேகைக்கு மேல் போனால் கோடு நடுங்கிச் செத்துவிடுகிறது. ரேகை இல்லாமல் போட வேண்டும். பதினொன்றாவது தாளில் ஒரு கால் சரியாக வந்தது.

பதினொன்றாவது தாளில்தான் மையும் சிந்தியது. வரைகிறவர்களிடம் கேட்டால் மை சிந்தி அதுவே அழகாகிவிட்ட கதை ஆளுக்கு ஒன்று வைத்திருப்பார்கள். எனக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை, சிந்திய மை சிந்திய மையாகவே இருந்தது, கொக்கின் வாலுக்குக் கீழே, பார்ப்பவர்கள் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்கிற இடத்தில். பிளேடால் சுரண்டினேன், காகிதம் பஞ்சு மாதிரி எழும்பியது, அதன் மேல் கோடு போட்டால் ஊறிப் பரவியது. தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த தாள்.

அடுத்தது நீர். ஒழுகுநீர், ஓடுகிற நீர். அலை அலையாகக் கோடு போட்டால் நீர் ஆகிவிடும் என்று நினைத்தேன், போட்டேன், கொக்கு ஏதோ சமுத்திரத்தில் நிற்பது போல் ஆயிற்று. குறைத்துக்கொண்டே வந்தேன். இருபது கோடு, பன்னிரண்டு, எட்டு. இந்த இடத்தில்தான் இத்தாலிய ஓவியர் போத்திச்செல்லி கைகொடுத்தார். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் நரகத்திலிருந்து சொர்க்கம் வரை போகிற தாந்தேயின் நெடுங்கவிதைக்கு அவர் ஆட்டுத்தோல் தாள்களில் வரைந்த படங்கள் இருக்கின்றன, 92 மிஞ்சியிருக்கின்றன, பெர்லினிலும் வத்திக்கானிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. முதலில் உலோக முனையால் மெல்லக் கீறி, அதன் மேல் மைக்கோடு. ஒரு சிலவற்றுக்கு மட்டும் வண்ணம் ஏற்றினார், மிச்சமெல்லாம் வெறும் கோடு. நரகத்துக்கான தாள்களில் கூட்டம் நெரிகிறது, மனிதர், பேய், நெருப்பு, கிடங்கு. சொர்க்கத்துக்குப் போனால் பெரும்பாலான தாள்களில் ஒரு வட்டம், அதற்குள் தாந்தேயும் அங்கே அவருக்கு வழிகாட்டும் பியாட்ரிஸும், சுற்றிலும் சின்னச் சின்னத் தீச்சுடர்கள், அவ்வளவுதான். கவிதை தாங்க முடியாத வெளிச்சத்தைப் பற்றிப் பேசப் பேச இவர் பேனாவை எடுத்துவிடுகிறார். தோலின் வெறுமைதான் வெளிச்சம். முடிக்காமல் விட்டதால் அப்படித் தெரிகிறது என்றும் ஒருவர் வாதாடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை, அந்த இரண்டு முகங்களின் சாய்வில் அவ்வளவு கவனம் இருக்கிறது.

ஆக நீருக்கு ஆறே கோடு என்று முடிவு. காலைச் சுற்றி இரண்டு, அது எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று காட்ட. தள்ளி நான்கு, நீளமாக, விட்டுவிட்டு. மிச்சம் காகிதம்.

இப்போது கண். இங்கேதான் ஒரு வாரம் முழுசாகப் போனது.

பறவையைப் பக்கவாட்டில் வரைந்தால் அதன் கண் நம்மை நோக்கித்தான் இருக்கும், வேறு வழியே இல்லை, கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால். ஒரு வட்டம், நடுவில் புள்ளி, புள்ளிக்குள் மினுக்காக ஒரு துளி வெள்ளை. வரைந்து முடித்துத் தள்ளி வைத்துப் பார்த்தால் கொக்கு ஆரலைப் பார்க்கவில்லை, என்னையே பார்க்கிறது, கண்டுபிடித்துவிட்ட மாதிரி. தோழியின் கேள்வி வேறு வாசல் வழியாகத் திரும்ப வந்துவிட்டது. மினுக்கை எடுத்தேன், செத்த பறவை மாதிரி ஆயிற்று. கண்ணைச் சின்னதாக்கினேன், கோபக்காரக் கொக்கு. ஜான் டென்னியல் 1871இல் லூயிஸ் கரோலின் ஜாபர்வாக்கி பாட்டுக்குப் போட்ட பூதத்தின் கண் நினைவுக்கு வந்தது. அந்தப் படம் குழந்தைகளுக்கு மிகவும் பயங்கரமோ என்று கரோல் முப்பது தாய்மார்களிடம் கருத்துக் கேட்டு, கடைசியில் புத்தகத்தின் முகப்பில் இருந்து உள்ளே தள்ளிவிட்டாராம். அந்தப் பூதத்துக்கு டென்னியல் ஒரு வெயிஸ்ட்கோட் வேறு போட்டுவிட்டிருப்பார், பட்டனோடு. பாட்டில் வெயிஸ்ட்கோட் கிடையாது. இனி அதைக் கழற்ற யாராலும் முடியாது, அந்தப் பாட்டைப் படிக்கிற எவருக்கும் பட்டன் தெரியும். படம் அப்படித்தான் ஒட்டிக்கொள்ளும். என் கொக்கு வாசகரை முறைத்தால் அந்த முறைப்பும் இந்தப் பாட்டோடு ஒட்டிக்கொள்ளுமே என்ற பயம் எனக்கு. பன்னிரண்டு பேர் படிக்கிற புத்தகமானாலும் பயம் பயம்தான்.

கொக்கினங்களுக்குக் கண் கொஞ்சம் கீழ் நோக்கி அமைந்தது, அலகுக்குக் கீழே இருப்பதை இரண்டு கண்ணாலும் பார்க்க முடியும், மீன் பிடிக்கிறதற்கு அது அவசியம். இது தெரிந்த பிறகு பக்கவாட்டை விட்டுவிட்டேன். கொக்கை முக்கால் முதுகு நம் பக்கம் இருக்கும்படி திருப்பினேன். கூன் முதுகு, அதில் மண்ணிறக் கோடுகளுக்கான இடம், தோளுக்கு மேலே தலையின் ஒரு பகுதி, கீழ்நோக்கிய அலகு. கண் தெரியாது. கண்ணே வரையாமல், அது பார்க்கிற இடத்தை மட்டும் அலகு காட்டிவிடுகிறது. நம்மைப் பற்றி அதற்கு ஒரு அக்கறையும் இல்லை. அங்கே நடந்ததைப் பற்றியும்.

அப்படியும் பாட்டில் ஒன்று மிச்சம் இருந்தது, அதை நினைத்தால்தான் தலை சுற்றியது. "குருகும்." அந்த உம். குருகு உண்டு என்று சொல்லவில்லை, குருகும் உண்டு என்கிறாள். அவனும் நானும் போக, குருகும். அந்த ஓர் உம்மைக்குள் இரண்டு பேர் ஒளிந்திருக்கிறார்கள். அதில் கொஞ்சம் கசப்பும் இருக்கிறது, கேட்டால் வாய் திறந்து சொல்ல முடியாத ஒரு பிராணியும் இருந்தது, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்கிற கசப்பு. இந்த உம்மை எப்படி வரைவது? கொக்கை மட்டும் காகிதத்தின் நடுவில் நிறுத்தினால் அது "குருகு" ஆகிவிடுகிறது, பறவைப் புத்தகத்துப் படம். உம் காணாமல் போகிறது.

நடுவில் வைக்காமல் இருப்பது என்று ஒரு யோசனை வந்தது. கொக்கை வலது ஓரத்துக்குக் கீழே தள்ளினேன், காகிதத்தின் மூன்றில் இரண்டு பங்கு வெறுமையாக விட்டேன். வெறுமை என்றால் சும்மா விட்ட வெறுமை இல்லை, அங்கே யாரோ இருந்தார்கள் என்று தோன்ற வேண்டும். கரையில் மிதிபட்ட புல்லைக் காட்டலாமா என்று பார்த்தேன். சரியான அசட்டுத்தனம், துப்பறியும் கதை மாதிரி ஆகிவிட்டது. கரைக்கோடு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். அது கொக்கின் பின்னாலிருந்து புறப்பட்டு இடது பக்கம் வரை போகிறது, ஒரு இடத்தில் மட்டும் ஒரு விரற்கடை அளவுக்கு அறுந்து மறுபடி தொடர்கிறது. முன்னால் ஏதோ மறைப்பதால் அறுந்த மாதிரி. மறைப்பது எதுவும் இல்லை. உம்மை அங்கே வைத்திருக்கிறேன். எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டால், தோழிக்கே சொல்லித்தான் தெரிந்தது.

பாட்டின் வடிவத்திலேயே இப்படி ஒரு அறுப்பு இருப்பதை வரைந்து முடித்த பிறகுதான் கவனித்தேன். நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடிக்கு, அதாவது கடைசிக்கு முந்தின அடிக்கு, மூன்றே சீர், மற்ற அடிகளுக்கு நான்கு. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த சங்கதி. இந்தப் பாட்டில் அந்த முச்சீரடி எது தெரியுமா? "ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்." நான்காவது சீர் வரவேண்டிய இடத்தில் வராமல் "பார்க்கும்" என்று அந்தரத்தில் நிற்கிறது. யார் பார்க்கும், யாராவது பார்த்தார்களா என்று நம் மூச்சு அரை நொடி நிற்கிறது, அடுத்த அடி திறந்தால் குருகு. இலக்கணம் கேட்கிற இடைவெளியில் இதைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். ஏறக்குறைய 2000 வருடத்துக்கு முந்திய ஆள் இவ்வளவு கெட்டிக்காரராக இருந்தால் நாம் எங்கே போய் முட்டிக்கொள்வது.

இதைத் தோழியிடம் சொன்னதில் ஒரு உபகாரம் நடந்தது. குருகு கடைசி அடியில்தான் வருகிறது என்றால், படத்தைப் பாட்டுக்கு மேலேயோ எதிர்ப்பக்கத்திலோ வைப்பது அநியாயம், படிப்பதற்கு முன்னே கண் படத்துக்குப் போய்விடும், குட்டு உடைந்துவிடும். அதனால் என் படம் மட்டும் பக்கத்தைத் திருப்பினால் வருகிற மாதிரி வைக்கச் சொன்னேன். பன்னிரண்டில் ஒன்று மட்டும் மாறினால் ஒழுங்கு கெடுகிறது என்று முதலில் முகம் சுளித்தாள், இரண்டு நாள் கழித்துப் பன்னிரண்டையுமே அப்படி மாற்றிவிட்டாள். மற்ற ஓவியர்கள் என் மேல் கோபமாக இருக்கிறார்கள் என்று கேள்வி, யாரோ ஒருவர் பாட்டும் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் என்று நம்பி வரைந்திருந்தாராம். மன்னிக்கவும்.

அச்சுக்குக் கொடுப்பது வேறு தலைவலி. கோட்டோவியத்தை அச்சளவைவிட ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு பெரிதாக வரைந்து சுருக்குவது வழக்கம், சுருக்கும்போது கையின் சிறு நடுக்கமெல்லாம் இறுகிவிடும். ஆனால் கோடும் சேர்ந்து மெலியும். 0.3 மில்லிமீட்டர் கோடு பாதியாகச் சுருங்கினால் 0.15 மில்லிமீட்டர், அதற்கும் கீழே போனால் மை பிடிக்குமா பிடிக்காதா என்பது அன்றைய அதிர்ஷ்டம். 1200 டிபிஐயில், சாம்பல் இல்லாமல் கறுப்பு வெள்ளை மட்டுமாக ஸ்கேன் செய்தேன். காலை மட்டும் திரையில் பெரிதாக்கி நூறு தடவை பார்த்திருப்பேன்.

போன வாரம் புத்தகம் வந்தது. எனக்குத் தெரிந்த ஒருவர் என் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குங்க, ஆனா அவங்க ரெண்டு பேரையும் போட்டிருக்கலாமே" என்றார். சரிங்க என்றேன்.

கால் தப்பித்துவிட்டது, கணு உட்பட. தள்ளிப் போட்ட நான்கு நீர்க்கோடுகளில் இரண்டு அச்சில் விழவே இல்லை, தடிமன் போதாமல் மறைந்துவிட்டன. தோழி போன் செய்து அச்சகத்தில் பேசட்டுமா, வருத்தமா என்றெல்லாம் கேட்டாள். பரவாயில்லை, விடு என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேன். அசல் தாளை எடுத்து அச்சுப் பக்கத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த இரண்டு இல்லாதபோது நீர் இன்னும் நன்றாக ஓடுகிறது. இதை அவளிடம் சொல்லவில்லை.